லைசன்ஸ் வராத பிள்ளையிடம் சொன்னது

உங்களைப் போலப் பயிற்சியில் இருக்கும் ஆலோசகர்கள் பலரை நான் பார்த்துவிட்டேன். புதிதாக ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்ததும் பெயரைத் தெளிவாகச் சொல்வீர்கள். என்ன படித்தீர்கள் என்பதையும் சொல்வீர்கள். அடுத்து சொல்லியாக வேண்டியது வரும்போது மட்டும் குரல் இறங்கிப்போகும். ‘எனக்கு இன்னும் லைசன்ஸ் வரவில்லை, என் வேலையை மேற்பார்வையாளர் ஒருவர் கவனிக்கிறார், நீங்கள் சொல்வதை அவரிடம் நான் பேசுவேன்’ என்பதை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு, ஏசி குளிர்கிறதா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். ஏதோ குறையை ஒத்துக்கொள்வது போல.

அது குறையா இல்லையா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். கருத்தாகச் சொன்னால் உங்களுக்கு நினைவிருக்காது. ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக வேலை பார்த்த ஆலோசனை மையம் மாசாய் என்ற ஊரில், கடைவீட்டு வரிசை ஒன்றின் மாடியில் இருந்தது. கீழே மோட்டார் பட்டறை. வருகிறவர்களில் பாதிப்பேர் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை செய்கிறவர்கள், அல்லது அவர்கள் வீட்டார். லைசன்ஸ் பெற்ற ஆலோசகர்கள் என்னையும் சேர்த்து இரண்டே பேர். மீதி வேலையைப் பயிற்சி ஆலோசகர்கள்தான் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி ஜெசிந்தா. இருபத்தாறு வயது. மெதுவாகப் பேசுவாள். ஆனால் எதைச் சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லாமல் விடமாட்டாள்.

தியாகு அவளிடம் வந்தார். ஐம்பதை நெருங்குகிற மனிதர், ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். அவர் பொறுப்பில் இருந்த தொட்டி ஒன்றைச் சுத்தம் செய்ய உள்ளே இறங்கிய தினேஷ் என்ற இளைஞன், விஷவாயு தாக்கி இறந்துபோயிருந்தான். விசாரணையில் வாயுவை அளக்கும் மீட்டர் பழுது என்று முடிவாகிவிட்டது. தியாகுவை யாரும் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் போய்விட்டது. சாப்பாடு இறங்கவில்லை. வேலையிடத்தில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்பு நடுங்கியது. கிளினிக் டாக்டர் எங்களிடம் அனுப்பிவைத்தார்.

முதல் நாள் ஜெசிந்தா தன் நிலைமையைச் சொன்னதும் அவர் சிரித்தாராம். எங்கள் பிளான்டிலும் டிரெய்னி இருக்கிறார்கள், பரவாயில்லை என்றாராம். காத்திருந்தால் என்னிடமே வரலாம் என்று எங்கள் வரவேற்பாளர் சொல்லியும், வேண்டாம், இந்தப் பிள்ளையே போதும் என்றிருக்கிறார். அடக்கமான மனிதர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். காரணம் வேறு என்பது பிறகுதான் தெரிந்தது.

வாரா வாரம் வந்தார். தூக்கத்தைப் பற்றிப் பேசினார், மனைவியைப் பற்றிப் பேசினார், எண்ணெய்ப் பசை பிடித்த பிளான்ட் படிக்கட்டுகளைப் பற்றிப் பேசினார். தினேஷைப் பற்றி மட்டும் பேசவில்லை. மேற்பார்வை நேரத்தில் ஜெசிந்தா என்னிடம், “அவரு ஒரு கதவ சாத்தி வெச்சிட்டு அதுக்கு முன்னாடியே உக்காந்திருக்காரு மேடம், நான் தட்டவா வேணாமா?” என்று கேட்டாள். அவசரப்படாதே, ஆனால் உயிரை விடும் நினைப்பு இருக்கிறதா என்பதை மட்டும் நேராகக் கேட்டுவிடு என்றேன். அதைக் கேட்பதற்கு நல்ல நேரம் என்று ஒன்று வராது. சுற்றி வளைத்துக் கேட்டால் சுற்றி வளைத்த பதில்தான் வரும்.

அடுத்த முறை அவர் வந்த நாளில் நான் ஊரில் இல்லை. தங்கை மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்கத் தங்காக் போயிருந்தேன். மத்தியானம் கடையில் புடவைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ஜெசிந்தாவின் அழைப்பு வந்தது.

“மேடம், தியாகு அங்கிள் என் பக்கத்துலதான் இருக்காரு. போன ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். நான் பேசுறது, நீங்க பேசுறது ரெண்டுமே அவருக்குக் கேக்குது.”

குரலில் நடுக்கம் இருந்தது. வார்த்தைகளில் இல்லை. நான் புடவையைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்குப் பின்பக்கம் போனேன்.

அவள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்டிருக்கிறாள். அவர் ஆமாம் என்றிருக்கிறார். வெறும் நினைப்புதானா, முடிவே செய்துவிட்டீர்களா என்று கேட்டதற்கு, அந்த வாரத்திலேயே ஒரு நாளைக் குறித்து வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவது, திரும்புவதில்லை. இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்த இடத்தில் உங்களில் ஒருவர் இருந்தால் என்ன செய்வீர்கள்? சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் கிளம்பியதும் ஓடிப்போய் எனக்குப் போன் செய்வீர்கள். பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்வார்கள். ஜெசிந்தா செய்யவில்லை. “அங்கிள், இத நான் தனியா வெச்சிக்க முடியாது. எனக்கு அவ்வளவு அனுபவம் இல்ல. இப்பவே மேடத்துக்குப் போன் போடுறேன். ஆனா உங்களுக்குப் பின்னால போடமாட்டேன், உங்க முன்னாலயே போடுறேன்” என்று சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

நான் முதலில் சொன்னது, உடனே மனைவிக்குப் போன் போட்டு வரச்சொல், நானும் கிளம்பி வருகிறேன் என்பதுதான். தங்காக்கிலிருந்து மாசாய்க்கு எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் சாயங்காலம் ஆகிவிடும். அது எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படிச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி.

“மேடம், அவர ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன்” என்றாள்.

கேட்டாள். தியாகுவின் குரல் வந்தது. மனைவி மல்லிகா ஃபேக்டரியில் மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பாள், இந்தச் செய்தியைப் போனில் கேட்டால் அங்கேயே விழுந்துவிடுவாள், அவளிடம் தானே நேரில்தான் சொல்ல வேண்டும் என்றார். இப்போது யார் கூட இருந்தால் உங்களுக்குப் பரவாயில்லை என்று ஜெசிந்தா கேட்டாள். யோசித்துவிட்டு, பாங் டின் என்றார். பாங் என்றால் அண்ணன்; தியாகு கூடவே பல வருஷமாக வேலை செய்கிற மலாய்க்காரர், ஒரே தாமான்காரர், அதாவது அதே குடியிருப்பில் இருப்பவர்.

நான் சொன்ன வழியை ஒரு பயிற்சி ஆலோசகர் மாற்றுகிறாள். அவளுக்கு லைசன்ஸ் இல்லை. அவள் எடுக்கிற முடிவு தவறாகப் போனால் பதில் சொல்ல வேண்டியவள் நான். எனக்கோ அந்த மனிதரின் முகம்கூடத் தெரியாது. அவளுக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருக்கிறார், அவளுடைய கேள்விக்குத்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறார். என் பதற்றத்தை அடக்கிக்கொண்டு அவளிடம் இரண்டு விஷயம் கேட்டேன். டின் வரும்வரை நீ அந்த அறையை விட்டு வெளியே போவாயா? போகமாட்டேன் என்றாள். ஆஸ்பத்திரிக்கு வர அவர் சம்மதிக்கிறாரா?

“அத அவரே சொல்லட்டும் மேடம்.”

“வர்றேன் மேடம்” என்றார் தியாகு. அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அப்படியானால் சரி என்றேன். அவர் மனசு மாறினாலோ, டின் வரத் தாமதமானாலோ உடனே ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னேன். அதையும் அவர் காதில் விழும்படியேதான் சொன்னேன். வரவேற்பாளரை அறைக்கு வெளியிலேயே உட்காரச் சொன்னேன். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு நானே பேசினேன். பிறகு காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

டின் தன் காரில் வந்தார். ஜெசிந்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும்: உள்ளே வந்தவர் எதுவும் விசாரிக்கவில்லை. தியாகுவின் தோளில் கையை வைத்தார். தியாகு மோட்டார் சாவியை எடுத்துக் கொடுத்தார். டின் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “ஜோம்” என்றார், வா போகலாம் என்று. மூன்று பேருமாகப் போனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது தியாகு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டின் எல்லோருக்கும் தே தாரிக் டீ வாங்கி வந்திருந்தார். வேலை முடிந்து அங்கு வந்த மல்லிகாவிடம் தியாகு தன் வாயாலேயே சொன்னார். அவர் கேட்டுக்கொண்டபடி ஜெசிந்தா அப்போது பக்கத்தில் நின்றாள், பேசவில்லை.

சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, மருந்து கொடுத்து, எங்களிடம் ஆலோசனை தொடர வேண்டும் என்று சொல்லி டாக்டர் அனுப்பினார்.

அதன் பிறகு ஒரு நாள் மல்லிகா என் அறைக்கு வந்தார். கோபமாகத்தான் வந்தார். ஆனால் சத்தம் போடவில்லை.

“மேடம், உங்களத் திட்ட வரல. அந்தப் பிள்ள நல்ல பிள்ளதான். ஆனா என் வீட்டுக்காரர ஏன் லைசன்ஸ் வராத பிள்ளகிட்ட விட்டீங்க? உங்க வீட்டுல ஒருத்தருக்கு இப்படின்னா விடுவீங்களா?”

நியாயமான கேள்வி. அதற்கு எந்த வகுப்பிலும் பதில் சொல்லித் தந்ததில்லை. ஒவ்வொரு வாரமும் தியாகுவின் விஷயத்தை நானும் ஜெசிந்தாவும் உட்கார்ந்து பேசுகிறோம் என்று சொன்னேன். மல்லிகா தலையை ஆட்டினார். சமாதானம் ஆகவில்லை. இனிமேல் நீங்களே பாருங்கள் என்றார். நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே பிரச்சினை தீர்ந்திருக்கும். மல்லிகாவுக்கு நிம்மதி, எனக்கும் பாதுகாப்பு. உண்மையைச் சொன்னால், என் வாயில் அந்த வார்த்தை வந்துவிட்டது. ஆனால் தியாகுவிடம் கேட்காமல் அவரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்ற எனக்கு என்ன உரிமை? தியாகு என்ன சொல்கிறார் என்று கேட்போம், அவர் என்னிடம் வர விரும்பினால் அன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

நான்கு பேரும் உட்கார்ந்தோம். முதலில் பேசியது ஜெசிந்தாதான். “அங்கிள், உங்களுக்கு மேடம் வேணும்னா சொல்லுங்க. நான் வருத்தப்படமாட்டேன். ஆன்டி கேக்குறதுல தப்பே இல்ல” என்றாள். வருத்தப்படுவாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

தியாகு மனைவியைப் பார்த்துத்தான் பேசினார். மெதுவாக, நடுநடுவே நிறுத்தி.

“நான் எதுக்கு இந்தப் பிள்ளகிட்ட வந்தேன் தெரியுமா மல்லிகா? லைசன்ஸ் இல்லாதவங்ககிட்ட சொன்னா அது எங்கயும் கணக்குல வராதுன்னு நெனச்சேன். சும்மா பேசிட்டு எந்திரிச்சுப் போயிடலாம்னுதான் வந்தேன்.”

ஜெசிந்தாவை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

“அன்னிக்கு மீட்டரு ஆடுச்சு. ஒரு தரம் ஏறுச்சு, எறங்குச்சு. நான் பாத்தேன். சேஃப்டி ஆபிசர ஒரு வார்த்த கேட்டுருக்கணும். கேக்கல. இத்தன வருஷம் வேல செஞ்சவன், பசங்க எல்லாம் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, அவங்க முன்னாடி எனக்குத் தெரியலன்னு எப்படிச் சொல்றது? தினேசு, ‘போலாமா பாஸ்’னு கேட்டான். போன்னு சொல்லிட்டேன்.”

இதை அவர் விசாரணையில் சொல்லவில்லை. மல்லிகாவிடமும் சொல்லவில்லை. ஜெசிந்தாவிடம் மட்டும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சொல்லியிருந்தார்.

“இந்தப் பிள்ள என் முன்னாடியே போன எடுத்து, எனக்கு அனுபவம் பத்தாது, கேக்குறேன்னு சொல்லுச்சு. அவ்வளவுதான் லா. அத நான் அன்னிக்குச் செய்யல. நான் இவங்ககிட்டயே வர்றேன்.”

மல்லிகா அழவில்லை. கணவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு சாவுக்குப் பின்னால் இப்படி ஒன்று இருக்கிறது என்று கேட்ட மனைவிக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஜெசிந்தாவிடம், “அடுத்த வாரம் இவர நானே கூட்டிட்டு வரவா, இல்ல தனியாத்தான் வரணுமா?” என்று கேட்டார்.

இதைக் கேட்டுவிட்டு, லைசன்ஸ் எதற்கு, மனசு இருந்தால் போதும் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். ஜெசிந்தாவுக்குப் போனில் நான் இருந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் இருந்தார். அவள் தனியாக அந்தச் சுமையைத் தூக்க முயன்றிருந்தால் நான் இன்று வேறு கதை சொல்லிக்கொண்டிருப்பேன். பயிற்சி என்பது அனுபவம் வரும்வரை சமாளிக்கிற காலம் இல்லை. கேட்கப் பழகுகிற காலம். லைசன்ஸ் வந்த பிறகும் எத்தனை பேருக்கு அந்தப் பழக்கம் நிலைக்கிறது என்பதை நீங்களே போகப்போகப் பார்ப்பீர்கள்.

தியாகு தொடர்ந்து வந்தார். முன்னேற்றம் நேர்கோட்டில் இல்லை. நன்றாகத் தூங்கிய வாரமும் உண்டு, ஜெசிந்தா அவரை மறுபடி டாக்டரிடம் அனுப்பிய வாரமும் உண்டு. ஒரு கட்டத்தில் தொழிற்சாலைக்குப் போய், மீட்டர் ஆடியதைப் பார்த்தும் கேட்காமல் விட்டதைப் பாதுகாப்பு அதிகாரியிடம் தானே சொன்னார். மறுபடி விசாரித்தார்கள். அவரை சூப்பர்வைசர் பொறுப்பிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். அதில் அவருக்கு வருத்தம் இருந்தது, ஆனால் இரவில் தூங்க முடிந்தது என்றார்.

ஜெசிந்தாவின் பயிற்சி முடியப்போகும் சமயத்தில், தினேஷின் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று தியாகு சொன்னார். அந்த அம்மா உலு திராமில் இருக்கிறார், தனியாக. ஜெசிந்தாவும் கூட வர வேண்டும் என்று கேட்டார். அவள் அதை என்னிடம் கொண்டு வந்தாள். போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஒரு மணி நேரம் பேசினோம். அந்த அம்மாவுக்கு முன்னால் ஆலோசகர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தால், அது தியாகு தன்னைப் பாதுகாத்துக்கொள்வது போல ஆகிவிடும் என்ற முடிவுக்கு அவளாகவே வந்தாள். அந்த அம்மாவிடம் முதலில் ஆள் அனுப்பிக் கேளுங்கள், வேண்டாம் என்றால் போகாதீர்கள், மன்னிப்பு கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டும் போகாதீர்கள் என்று அவரிடம் சொன்னாள். டின்தான் போய்க் கேட்டார். வரச்சொல் என்று பதில் வந்தது. தியாகுவோடு மல்லிகா போனார்.

அங்கே நடந்ததைக் கடைசிச் சந்திப்பில் தியாகு ஜெசிந்தாவிடம் சொன்னார்.

வாசலிலேயே நின்று மீட்டர் விஷயத்தைச் சொல்லிவிட்டாராம். உள்ளே போய் உட்கார்ந்தால் சொல்ல வாய் வராது என்ற பயம். அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாராம். பிறகு, “உங்கள மன்னிக்க முடியுமான்னு எனக்குத் தெரியல. இப்பக் கேக்காதீங்க” என்றாராம். தியாகு சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பத் திரும்பினார். மல்லிகா ஏற்கெனவே செருப்பை மாட்டியிருந்தார். அப்போது அந்த அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டாராம்.

“அன்னிக்குக் காலையில என்கிட்ட சண்ட போட்டுட்டுப் போனான். நான் வெச்ச சாப்பாட்டத் தொடல. வெறும் வயித்தோடயா உள்ள எறங்குனான்?”

தியாகுவுக்குத் தெரியும். அன்று காலை இருவரும் தொழிற்சாலை வாசலில் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

“இல்லம்மா. பசியாறிட்டான். நாசி லெமாக் ரெண்டு பொட்டலம். ஒண்ணு அவன் வாங்குனது, இன்னொண்ணு என்னோடது. எனக்கு வேணான்னு குடுத்தேன், அதையும் தின்னான். சிரிச்சிக்கிட்டுத்தான் இருந்தான்.”

அந்த அம்மா கதவை முழுதாகத் திறந்தாராம். உள்ளே வரச்சொல்லி நாற்காலியைக் காட்டினார். இருவரும் உட்கார்ந்ததும் எதிரில் தானும் உட்கார்ந்து, அன்றைக்குக் காலையில் அவன் வேலைக்கு வந்து இறங்கியதிலிருந்து சொல்லச் சொன்னார், என்ன சட்டை போட்டிருந்தான், யாரோடு பேசினான், எதற்குச் சிரித்தான் என்று ஒன்றையும் விடாமல்.